“வயிறு சரியானால் சாப்பிடுவேன்” என்கிறாள் மகள்: அச்சமும் வயிற்று உபாதையும் உணவை விலக்கும்போது

அவரைப்பந்தல் (கோத்தகிரி), தொடக்கப் பதிவு

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியை அடுத்த ஒரு சிற்றூரில் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் வைத்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. என் மகளுக்கு 17 வயது. 12-ஆம் வகுப்புப் படிக்கிறாள். தினமும் பேருந்தில் குன்னூர் போய் வருகிறாள். அவளைப் பற்றி எழுத எனக்குப் பல நாள் தயக்கம் இருந்தது. அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலக் காலையில், தோசையும் உருளைக்கிழங்கு மசாலாவும் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறியவள், கட்டபெட்டு தாண்டி ஒரு வளைவில் வாந்தி எடுத்துவிட்டாள். யாரும் கேலி செய்யவில்லை. நடத்துநர் தண்ணீர் கொடுத்தார், தோழி முகம் துடைத்துவிட்டாள். ஆனாலும் மறுநாளிலிருந்து காலை உணவை விட்டுவிட்டாள். மலைப்பாதையில் போகிற பிள்ளைதானே, வெறும் வயிற்றோடு போனால் நல்லது என்று நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு மதியம் சாப்பிட்டால் வயிறு கல் போல் கனக்கிறது என்றாள். சாம்பாரை விட்டாள், உருளைக்கிழங்கை விட்டாள், பால், அவரை, முட்டைக்கோஸ் என்று ஒவ்வொன்றாக விலகி, இப்போது இட்லி, கஞ்சி, ஒரே ஒரு வகை பிஸ்கட் ஆகிய மூன்றில் வந்து நிற்கிறது. இரண்டு இட்லியில் ஒன்றரைக்கு மேல் இறங்குவதில்லை.

எண்டோஸ்கோபி செய்தோம், ஸ்கேன் எடுத்தோம். “வயிற்றில் ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை, செல்லம் கொடுக்காதீர்கள்” என்று ஒரு மருத்துவர் அவளை வைத்துக்கொண்டே சொன்னார். வீடு வரும் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை அவளுக்குத் துளியும் இல்லை. முகம் வற்றிவிட்டதே என்று கண்ணாடி பார்த்து அழுகிறாள். போன வாரம் பேனா தேடி அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். காம்பஸுக்கு அடியில், தபால்தலை அளவுக்கு மடித்த மூன்று பிளாஸ்டிக் பைகள் இருந்தன. நம் மாவட்டத்தில் தடை செய்யப்பட்ட பை என்பதால் யாரும் பார்த்துவிடாதபடி அத்தனை சிறிதாக மடித்து, வாந்தி வந்தால் வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகச் சுமந்திருக்கிறாள்.

“வயிறு சரியானால் சாப்பிட மாட்டேனா அம்மா? நான் வேண்டுமென்றா செய்கிறேன்?” என்று கேட்கிறாள். இது வயிற்று நோயா, மன நோயா? யாரிடம் அழைத்துப் போவது?

நெறியாளர்

பதில் எழுதுபவர்கள் உடல் எடை, கலோரிக் கணக்கு, நாளொன்றுக்கு உண்ட அளவு போன்ற எண்களைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதே துன்பத்தில் இருப்பவர்களும் இந்த இழையை வாசிப்பார்கள். அந்த எண்கள் அவர்களுக்கு ஒப்பீடாக மாறிவிடும்.

குந்தா_செவிலி

சகோதரி, நான் ஓய்வு பெற்ற செவிலியர். முதலில் ஒன்று சொல்கிறேன்: அந்தப் பைகளை எடுத்து எறிந்துவிடாமல் இருந்தீர்களே, அது மிக நல்லது. அவற்றை வைப்பதா, குறைப்பதா என்பதைச் சிகிச்சையின்போது அவளே முடிவு செய்வாள்.

நம் ஊரில் வயிற்றுத் தொல்லை என்றவுடன் ஒரு “வாயுப் பட்டியல்” வந்துவிடுகிறது. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பீன்ஸ், பட்டாணி, அவரை, மொச்சை எல்லாம் அதில் இருக்கும். சற்று யோசித்துப் பாருங்கள், நீலகிரியில் விளைவதில் பலவும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன! பக்கத்து வீட்டார் ஒன்றைச் சொல்ல, மருந்துக்கடைக்காரர் ஒன்றைச் சொல்ல, கைப்பேசியில் பார்த்த காணொளி இரண்டைச் சொல்ல, அச்சத்தில் இருக்கும் ஒரு பிள்ளை அத்தனையையும் சேர்த்து ஒழுங்காகக் கடைப்பிடித்தால் தட்டில் மிஞ்சுவது கஞ்சி மட்டுமே. பட்டியலில் ஏறிய உணவு எதையும் யாரும் திரும்ப இறக்கி வைப்பதில்லை. பத்தியம் என்றால் முன்பெல்லாம் எத்தனை நாளைக்கு என்று கணக்கு இருந்தது. இன்றைய பத்தியத்துக்கு முடிவுத் தேதியே இல்லை.

மலையில் வயிறு உப்புவது வெறும் கற்பனையும் அன்று. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் கோத்தகிரி வந்து சேரும்போது வெடிப்பதுபோல் உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 1,500 மீட்டர் ஏறும்போது காற்றழுத்தம் குறைவதால், அடைபட்ட காற்றின் கன அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. குடலில் இருக்கும் காற்றுக்கும் அதே விதிதான். சமவெளியிலிருந்து ஏறி வந்த அன்று வயிறு இறுகுவதும் காற்றுப் பிரிவதும் இயல்பு. இங்கேயே வாழ்பவர்களுக்கு அது பழகிவிடும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். உதகையில் அது 92, 93 டிகிரிதான். அதனால் பயறு வகைகளை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் குழைய வேகவைக்க வேண்டும். உபாதை இப்படி உண்மையாகவே தோன்றலாம். உண்மையான உபாதையின் மேல்தான் அச்சம் வந்து உட்காருகிறது.

உதகை_உணவியல்

நான் உணவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். நேரில் பார்க்காமல் உங்கள் மகளுக்கு இன்னதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் வடிவத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், அதற்கு மருத்துவத்தில் பெயரும் இருக்கிறது.

உண்ணல் கோளாறு என்றாலே மெலிய வேண்டும் என்ற வெறி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்க உளநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் ‘ஆர்ஃபிட்’ என்ற கோளாறு சேர்க்கப்பட்டது. உணவைத் தவிர்ப்பதும் குறைப்பதுமே அதன் அடையாளம், உடல் வடிவத்தைப் பற்றிய கவலை அதில் இல்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலும் அது இடம்பெற்றிருக்கிறது. சிலருக்கு உணவில் நாட்டமே குறைவாக இருப்பதாலும், சிலருக்கு மணமும் வழவழப்பும் ஒவ்வாததாலும் அது வருகிறது. மற்றொரு சாரார், விக்கிவிடுமோ, வாந்தி வந்துவிடுமோ, வலித்துவிடுமோ என்று அஞ்சி உண்ணாமல் இருப்பவர்கள். ஒரே ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு இந்த அச்சம் தொடங்கிவிடலாம். உண்ட பொருளையும் அதன் பின் வந்த குமட்டலையும் மூளை ஒரே தடவையில் முடிச்சுப் போட்டுவிடும் என்பதை 1955-இல் ஜான் கார்சியா எலிகளிடம் காட்டினார். குமட்டலுக்குக் காரணம் இனிப்பு நீர் அன்று, கதிர்வீச்சு. ஆனால் எலிகள் வெறுத்தது இனிப்பு நீரை. உங்கள் மகளின் வாந்திக்குப் பெரும்பாலும் வளைவுச் சாலைதான் காரணமாக இருந்திருக்கும். பழி விழுந்தது உருளைக்கிழங்கின் மேல்.

அடுத்து, அச்சம் வயிற்றை என்ன செய்கிறது என்பது. “வயிற்றில் புளியைக் கரைத்தது”, “அடிவயிறு கலங்கியது” என்று நம் மொழியிலேயே அதற்குச் சொல் இருக்கிறது. குடற்சுவரில் மட்டும் 10 கோடிக்கு மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. வேகஸ் நரம்பு வழியாக அவை மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. அஞ்சும்போது சுரக்கும் அழுத்த வேதிப்பொருள்கள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன, பெருங்குடலை விரைவுபடுத்துகின்றன. அதனால் மேல்வயிறு கனக்கிறது, கீழ்வயிறு கலக்குகிறது. இயல்பாக, உணவு வந்ததும் இரைப்பையின் மேற்பகுதி இளகி இடம் கொடுக்கும். பதற்றத்தில் அந்த இளக்கம் குறைவதால், நாலு வாய் உண்டதும் பந்தி முடித்து எழுந்ததுபோல் நிறைந்துவிடுகிறது. மேலும், ஒரு இடத்திலேயே கவனத்தைக் குவித்து “இப்போது வலிக்குமா, இப்போது குமட்டுமா” என்று காத்திருப்பவருக்கு, மற்றவர்கள் உணரவே உணராத குடல் அசைவு கூடத் துல்லியமாகத் தெரியும். ஆகவே அவள் சொல்லும் கனம் பொய்யன்று. எண்டோஸ்கோபி இரைப்பையின் உட்சுவரில் புண் இருக்கிறதா என்று பார்க்கும். இரைப்பை எப்படி இளகுகிறது, எவ்வளவு கூர்மையாக உணர்கிறது என்பதை அது காட்டாது. அறிக்கை சரியாக இருப்பதற்கும் உபாதை இருப்பதற்கும் முரண்பாடு எதுவும் இல்லை.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். குறைத்து உண்பதே வயிற்றைக் கெடுக்கிறது. பல வாரங்கள் போதிய உணவு கிடைக்காத இரைப்பை மந்தமாகிறது, உள்ளே போனது வெளியேற நெடுநேரமாகிறது, மலச்சிக்கல் சேர்ந்துகொள்கிறது, வயிறு மேலும் உப்புகிறது. அதைப் பார்த்து உண்பவர் மேலும் குறைக்கிறார். 1873-இல் பிரெஞ்சு மருத்துவர் லாசேக், உணவை மிகக் குறைத்து உடல் மெலியும் ‘அனோரெக்சியா’ என்ற உண்ணல் கோளாறை விவரித்தபோதே, உண்டபின் தோன்றும் இனம்புரியாத உபாதைக்கு உணவைக் குறைப்பதே மருந்து என்று நோயாளி தாமாக முடிவு செய்துகொள்வதில்தான் அது தொடங்குகிறது என்று எழுதினார். ஆசியாவிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஹாங்காங் நோயாளிகளைப் பற்றி 1993-இல் வெளியான ஓர் ஆய்வில், அனோரெக்சியா இருந்த 70 பேரில் 41 பேருக்குப் பருமனைப் பற்றிய அச்சம் இல்லை; வயிறு உப்புகிறது என்பதே அவர்களிடம் அதிகம் கேட்ட காரணம். மெலிய விரும்பவில்லை என்பதற்காகவே இப்பிள்ளைகளின் நோயை யாரும் கண்டுகொள்ளாமல் போவது எனக்குப் பெரிய வருத்தம்.

இதில் நல்ல செய்தி ஒன்றுண்டு. சீராக உண்ணத் தொடங்கினால் இந்த மந்தம் பெரும்பாலும் சில வாரங்களில் குறைகிறது. “வயிறு சரியானால் சாப்பிடுவேன்” என்று அவள் சொல்வது நேர்மையான பேச்சுதான், ஆனால் வரிசை மாறியிருக்கிறது. சாப்பிட்டால்தான் வயிறு சரியாகும். முதல் சில வாரங்கள் உபாதை இருக்கும்போதே உண்ண வேண்டியிருக்கும் என்பதை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஆனால் வீட்டிலேயே திடீரென்று நிறைய ஊட்டத் தொடங்காதீர்கள். நெடுநாள் குறைவாக உண்ட உடலுக்கு ஒரேயடியாக உணவு சேர்ந்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து, இதயத்துக்கே ஆபத்து வரலாம். முதலில் மருத்துவப் பரிசோதனை வேண்டும்: நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம், உப்புச்சத்துகள், இரத்தச் சோகை, தைராய்டு, மாதவிடாய் ஒழுங்கு ஆகியவற்றோடு, நம் நாட்டில் குடல் காசநோய், குடற்புழு, பால் ஒவ்வாமை ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். காய்ச்சல், கறுத்த மலம், இரத்த வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, திட உணவு தொண்டையில் நிற்பது ஆகியவை இருந்தால் அச்சம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மயக்கம், மிக மெதுவான நாடி, நெஞ்சுப் படபடப்பு இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. பொது மருத்துவத்தையும் மனநலப் பிரிவையும் அங்கே அணுகலாம். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி-மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். வயிறா, மனமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் ஒருசேரப் பார்ப்பவர்களிடம் அழைத்துப் போங்கள்.

சுக்கு_மிளகு_திப்பிலி

எல்லாருடைய கருத்தையும் மதிக்கிறேன். ஆயினும் “லங்கணம் பரம ஔஷதம்”, அதாவது பட்டினியே சிறந்த மருந்து, என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. எனக்கு 68 வயது. வயிறு மந்தமான நாளில் ஒரு வேளை பட்டினி கிடந்து, சீரகத் தண்ணீர் குடித்தால் மறுநாள் தெளிந்துவிடுகிறது. “பசித்துப் புசி” என்பதுதானே நம் மரபு? பசிக்காத பிள்ளையை உண்ணச் சொல்வது சரிதானா என்று தெளிவுபடுத்துங்கள்.

கேத்திப்_பள்ளத்தாக்கு

ஐயா, உங்கள் கேள்விக்கு உணவியல் ஆலோசகர் பதில் சொல்வார். நான் அந்த “பசித்துப் புசி”யைப் பிடித்துக்கொண்டே ஏறத்தாழ ஓராண்டு கரைந்தவன் என்பதால் என் கதையை எழுதுகிறேன். ஆண்களுக்கும் இது வரும் என்பது இங்கே பதிவாகட்டும்.

எனக்கு அப்போது 26 வயது. ஒரு திருமண விருந்துக்குப் பிறகு இரவெல்லாம் வாந்தி, பேதி. ஒரு நாள் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உடல் மூன்று நாளில் தேறிவிட்டது, அச்சம் தேறவில்லை. வெளியே சாப்பிடுவதை நிறுத்தினேன். பிறகு வீட்டிலும் பாலை முகர்ந்து பார்க்காமல் தொடமாட்டேன். சமைத்து ஒரு மணி நேரமான எதையும் உண்ணமாட்டேன். சட்டைப்பையில் கேஸ் மாத்திரை இல்லாமல் கடைவீதிக்குக்கூடப் போனதில்லை. பசி வரட்டும் என்று காத்திருந்தேன். நாளாக ஆகப் பசியே வரவில்லை. ‘அல்சர்’ என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படியே நம்பினேன். வேலை போகும் நிலை வந்தபோதுதான், அலுவலக நண்பர் ஒருவர் கோவையில் ஒரு உளவியல் ஆலோசகரிடம் அழைத்துப் போனார்.

அவர் முதல் நாளே “உங்கள் வயிறு வலிப்பது உண்மை” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அடுத்த வாரமும் போனேன். பிறகு நான் விட்ட உணவுகளையெல்லாம் எழுதச் சொல்லி, அச்சம் குறைந்ததிலிருந்து கூடியது வரை படிக்கட்டாக அடுக்கினோம். உருளைக்கிழங்கு நடுப்படியில் வந்தது. எங்கள் தோட்டத்திலேயே விளைகிற கிழங்கு. ஓராண்டாக நான் வாயில் வைக்காதது.

அந்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அம்மா சிறிய கிழங்கு ஒன்றைத் தோலோடு வேகவைத்து, உரித்து, பாதியை வெள்ளைத் தட்டில் வைத்தார். உப்பும் மிளகும் நான் தூவிக்கொண்டேன். ஆவி அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன், கை வியர்த்தது. நோட்டில் “அச்சம் 8” என்று எழுதினேன். பாதியை நான்காக வெட்டி, ஒவ்வொன்றாக மென்று விழுங்கப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு மாத்திரை போடாமல், ஓம வாட்டர் குடிக்காமல், படுக்காமல் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. இருபதாவது நிமிடத்தில் வயிறு கடமுடா என்றது. நோட்டில் 9. தொண்டை வரை ஏதோ வருவதுபோல் இருந்தது, வரவில்லை. நாற்பதாவது நிமிடத்தில் 6. ஒரு மணி நேரம் கழித்து 4. வலி இருக்கத்தான் செய்தது, ஆனால் நான் அஞ்சிய எதுவும் நடக்கவில்லை. அடுத்த ஐந்து நாளும் அதே பாதிக் கிழங்கு, அதே தட்டு. ஆறாம் நாள் அம்மா தட்டு வைத்ததும் எழுத மறந்துவிட்டேன்.

எல்லாம் இப்படிச் சீராகவே போகவில்லை. பால் மூன்று முறை தோற்றது. ஒரு மாதம் கஞ்சிக்கே திரும்பினேன். முழுதாகத் தேற எனக்கு ஓராண்டுக்கு மேலாயிற்று.

உதகை_உணவியல்

நன்றி சகோதரரே. சுக்கு_மிளகு_திப்பிலி ஐயாவுக்கு: நீங்கள் சொல்லும் ஒரு வேளை லங்கணம், நன்றாக உண்டு வாழும் உடலுக்கு உரியது, அதனால் உங்களுக்குக் குறையொன்றும் வராது. “பசித்துப் புசி” என்ற சொல், பசி ஒழுங்காக வரும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. நெடுநாள் குறைத்து உண்டவருக்குப் பசி உணர்வே மங்கிவிடுகிறது. போதாததற்கு அச்சமும் அதை அடக்குகிறது. அவர்கள் பசிக்காகக் காத்திருந்தால் வேளை வராது. அதனால் பசி திரும்பும் வரை கடிகாரத்தைப் பார்த்து உண்ணச் சொல்கிறோம்: மூன்று வேளை உணவு, இடையே இரண்டு மூன்று முறை சிற்றுண்டி, மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல்.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-இலும் 1945-இலும், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்களின் சம்மதத்தோடு, 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். உணவைப் பற்றி எந்த அச்சமும் இல்லாமல் உள்ளே போன அவர்களுக்குக்கூட வயிற்று உபாதையும் எரிச்சலும் சோர்வும் உணவைப் பற்றிய ஓயாத நினைப்பும் வந்தன. மனத்தின் கோளாறு என்று நாம் நினைக்கும் பலவற்றைப் பட்டினியே உண்டாக்கிவிடும் என்பது அப்போது தெரிந்தது.

சீரகத் தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். அது நல்லதுதான், ஆனால் உணவுக்கு முன் ஒரு குவளை குடித்தால் ஏற்கெனவே இளக மறுக்கும் இரைப்பை அதிலேயே நிறைந்துவிடும். பசியை அடக்கும் தேநீருக்கும் அதுவே பொருந்தும். நம் மலையில் அதைச் சொல்வது எளிதன்று, தெரியும்.

அவரைப்பந்தல் (கோத்தகிரி)

எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. கேத்திச் சகோதரரின் பதிவை அவளே இரண்டு முறை வாசித்தாள். “இவருக்கும் வயிறு பேசியிருக்கிறதே” என்றாள்.

சாப்பாட்டு வேளைதான் எங்கள் வீட்டில் போர்க்களம். என் மாமியார் இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பியவர், பட்டினி பார்த்தவர். தட்டில் சோறு மீந்தால் அவருக்கு நெஞ்சே வெடிக்கும். “அன்னத்தைத் தள்ளாதே” என்று அவர் அழ, இவள் எழுந்து போக, நான் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறேன். அந்த நேரத்தில் என்ன பேசுவது, என்ன பேசக் கூடாது என்று சொல்லுங்கள்.

குந்தா_செவிலி

சகோதரி, மாமியாரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். பேத்தி அன்னத்தை மதிக்காமல் தள்ளவில்லை, அன்னத்தைக் கண்டு அஞ்சுகிறாள் என்று சொல்லுங்கள். பட்டினி பார்த்தவருக்கு அச்சம் என்றால் என்னவென்று நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

உண்ணும் வேளையில் உணவைப் பற்றியே பேசாதீர்கள். “இன்னும் ஒரு வாய்” என்ற கெஞ்சலும், “வலிக்கிறதா, இப்போது எப்படி இருக்கிறது?” என்ற விசாரிப்பும் இரண்டுமே வேண்டாம். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவள் தன் வயிற்றை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். என்ன, எவ்வளவு என்பதை மருத்துவர் குழுவோடு முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, தட்டை வைத்து, நீங்களும் அதே வேளையில் அதையே உண்ணுங்கள். தோட்டத்துக் கதை, பள்ளிக் கதை, சீட்டாட்டம், எதுவானாலும் சரி. அவள் வலிக்கிறது என்றால் மறுக்காதீர்கள். “வலிக்கும் என்று தெரியும், நான் கூடவே இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருங்கள். ஆறுதல் சொல்கிறேன் என்று “நிச்சயமாக வாந்தி வராது” என்று சத்தியம் செய்யாதீர்கள். அதை அவள் நாளைக்கும் கேட்பாள், மறுநாளும் கேட்பாள்.

பேருந்து விஷயத்தில் ஒன்று. வளைவில் குமட்டுவது, காது சொல்லும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒத்துப்போகாததால் வருவது. வெறும் வயிறு அதற்கு மருந்தன்று. பலருக்கு வெறும் வயிற்றில்தான் குமட்டல் கூடுகிறது. புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன் எண்ணெய் குறைந்த எளிய உணவு, முன் இருக்கை, கைப்பேசியையோ புத்தகத்தையோ பார்க்காமல் தொலைவில் சாலையைப் பார்ப்பது, இவை உதவும். பயண மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். அது தினசரிப் பழக்கமாகிவிடக் கூடாது.

சுக்கு_மிளகு_திப்பிலி

விளக்கத்துக்கு நன்றி. என் தங்கை மகள் ஒருத்திக்கு நான் தொலைபேசியில் சொன்ன பத்தியம் நினைவுக்கு வந்தது. எத்தனை நாளைக்கு என்று நான் சொல்லவே இல்லை. இன்று அவளை அழைத்துப் பேசப் போகிறேன்.

அவரைப்பந்தல் (கோத்தகிரி), ஐந்து வாரங்களுக்குப் பிறகு

சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவளாவேன் என்று எழுதுகிறேன்.

மருத்துவமனையில் நான்கு நாள் வைத்துப் பார்த்தார்கள். நாடி மெதுவாக இருந்தது, இரத்தச் சோகை இருந்தது; காசநோயும் வேறு நோயும் இல்லை. உணவை மெதுவாகக் கூட்டினார்கள், இடையிடையே இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இப்போது வாரம் ஒரு முறை மனநலப் பிரிவுக்கும் உணவு ஆலோசனைக்கும் போகிறோம். முதல் இரண்டு வாரம் வயிறு முன்னைவிட அதிகமாக உப்பியது. முன்பே சொல்லியிருந்தீர்கள் என்பதால்தான் அவளும் நானும் தாங்கினோம். மூன்றாம் வாரத்திலிருந்து கனம் சற்றுக் குறைந்திருக்கிறது என்கிறாள். பால் இன்னும் இல்லை. அவரை இன்னும் இல்லை. சாம்பார் வந்திருக்கிறது, காய் இல்லாமல்.

மாமியார் இப்போது சாப்பாட்டு வேளையில் பழைய தோட்டத்துக் கதைகளைச் சொல்கிறார். பசிக் கதைகளை விட்டுவிட்டு, தேயிலை மலையில் அட்டை கடித்த கதை, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) கூத்து நடந்த கதை என்று தேடித் தேடிச் சொல்கிறார். சில நாள் தட்டு காலியாகிறது, சில நாள் ஆவதில்லை.

நேற்று திங்கட்கிழமை. ஆறு மணிக்கு எழுந்து இரண்டு இட்லியும் அந்தச் சாம்பாரும் சாப்பிட்டாள், ஏழு மணிப் பேருந்துக்கு. நானும் கூட ஏறினேன். முன் இருக்கையில் உட்கார்ந்து மடியில் நோட்டை வைத்துக்கொண்டாள். கோத்தகிரியில் 7 என்று எழுதியிருந்தாள். கட்டபெட்டு வளைவில் 9. என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள், கண்ணை மட்டும் சாலையை விட்டு எடுக்கவில்லை. வண்டிச்சோலை தாண்டும்போது 5. குன்னூர் நிலையத்தில் இறங்கி, ஒரு ஓரமாக நின்று, ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஒரு பையை எடுத்து என்னிடம் கொடுத்தாள். இன்னும் இரண்டு உள்ளே இருக்கின்றன. “அது இருக்கட்டும் அம்மா, இப்போதைக்கு” என்றாள். சரி என்றேன்.

கேத்திப்_பள்ளத்தாக்கு

சகோதரி, கண் நிறைந்துவிட்டது. மகளிடம் சொல்லுங்கள்: அந்த 9-ஐ அடித்துவிடாமல் அப்படியே வைத்திருக்கட்டும். பிறகு ஒருநாள் அதே வளைவில் என்ன எண் வருகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டும். காய் போட்ட சாம்பாருக்கு முதலில் கேரட்டை நன்றாகக் குழைய வேகவைத்துப் பாருங்கள். எனக்கு அதுதான் எளிதாக இறங்கியது.